வெள்ளைத் தட்டு முதலில், லென்ஸ் கடைசியில்: குளத்து உயிர்களைப் பார்க்கும் கருவிகள் பற்றி

குளத்து உயிர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவென்றே இப்போது இணையக் கடைகளில் விதவிதமான ‘கிட்’கள் விற்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு வலை, இழுத்தால் நீளும் அலுமினியக் கைப்பிடி, மூடியில் பூதக்கண்ணாடி பதித்த டப்பா, பிளாஸ்டிக் இடுக்கி, விசில், திசைகாட்டி. ஏரிக்கரையில் திசைகாட்டிக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. இந்த வேலைக்கு இன்றியமையாத ஒன்று மட்டும் பெரும்பாலான பெட்டிகளில் இருக்காது: அடி தட்டையான ஒரு வெள்ளைத் தட்டு.

ஆகவே இந்த மதிப்பீடு எந்த ஒரு பெட்டியைப் பற்றியதும் அல்ல. பெட்டியில் வரும் ஒவ்வொரு பொருளையும் தனியே எடுத்து, நம் ஊர்க் குளத்தில் அது எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது, அதற்குப் பதில் எதை எடுத்துப் போகலாம் என்று பார்க்கலாம்.

தட்டு

குளத்துப் பூச்சிகள் சேற்று நிறத்திலோ பாசி நிறத்திலோ இருக்கும். சில கண்ணாடி போலவே இருக்கும். வாளியிலோ பச்சை நிற டப்பாவிலோ கொட்டினால் பாதிக்கு மேல் கண்ணில் படாது. வெள்ளைத் தரையில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீரில் விட்டால், உடம்பு தெரியாவிட்டாலும் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். தண்ணீர் ஆழமாக இல்லாததால் பூச்சிக்கு ஒளியவும் இடமில்லை.

முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் அளவுள்ள வெள்ளைத் தட்டு போதும். இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 2.4 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம், பெரியவர் ஒருவர் சிந்தாமல் தூக்கியும் விடலாம். இதைவிடப் பெரியதை வாங்கினால் தூக்கும்போது நடுவில் வளைந்து பாதி தண்ணீர் மடியில்தான்.

வாங்கும்போது அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சமையலறைத் தட்டுகளில் வலுவுக்காக வரிவரியாகப் பள்ளம் விட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் சேறு தங்கும், சேற்றில் பூச்சி தங்கும், பிள்ளைகள் ‘ஒண்ணுமே இல்ல’ என்று எழுந்துவிடுவார்கள். பழைய எனாமல் தட்டு வீட்டில் இருந்தால் அதற்கு இணை வேறில்லை. ஒரு லிட்டர் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாக்கள் நாலைந்து சேர்த்து வைத்தால், பெரிய தட்டிலிருந்து பிரித்தெடுத்துப் போட ஆகும். தட்டுக்கு மதிப்பெண் பத்துக்குப் பத்து.

வலை

கிட்டில் வரும் வலையில் மூன்று குறைகள். முதலாவது அகலம். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வாய் உள்ள வலை வண்ணத்துப்பூச்சிக்கும் ஆகாது, குளத்துக்கும் ஆகாது. இரண்டாவது பையின் ஆழம். ஆழமில்லாத பையைத் தண்ணீரிலிருந்து தூக்கித் திருப்புவதற்குள் உள்ளே இருந்தது நீந்திப் போய்விடும். மூன்றாவது கைப்பிடி. பாசியோடு தண்ணீர் நிறைந்த வலையைத் தூக்கும்போது, இழுத்து நீட்டும் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி மடங்கிக்கொள்ளும். சில மாடல்களில் வலையின் தலை மட்டும் கழன்று குளத்திலேயே நின்றுவிடும்.

மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் பச்சை வலை இன்னொரு வழி. அதன் கண் மிகவும் நெருக்கம். சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேறாது, இழுக்கவே கனக்கும். ஆனால் தட்டிலிருந்து மீன்குஞ்சைப் பிடித்து டப்பாவுக்கு மாற்ற, கையளவுப் பச்சை வலை நன்றாகவே உதவும்.

வீட்டில் செய்வதுதான் சிறந்தது. தேவையானவை: எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பி 90 சென்டிமீட்டர், கொசுவலைத் துணி 75-க்கு 40 சென்டிமீட்டர், பழைய ஜீன்ஸ் துணியில் எட்டு சென்டிமீட்டர் அகலப் பட்டை, துடைப்பான் குச்சியோ மூங்கிலோ 1.2 மீட்டர், குழாய் இறுக்கும் கிளாம்ப் இரண்டு. கம்பியை வட்டமாக வளைக்காதீர்கள், அரைவட்டமாக வளையுங்கள். நேரான பக்கம் 25 சென்டிமீட்டர் இருக்கட்டும், அதுதான் கைப்பிடிக்கு எதிர்ப்புறம், முன்னால் வர வேண்டும். குளத்தின் தரையை ஒட்டியும் படிக்கட்டை ஒட்டியும் இழுக்கும்போது நேர் விளிம்பு முழுதாகப் படியும். வட்ட வலை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும், இரண்டு பக்கமும் பூச்சி தப்பிவிடும்.

வளைத்தது போக இரண்டு முனையிலும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வால் மிஞ்சும். அதைக் குச்சியின் இரு பக்கமும் வைத்து இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு கிளாம்ப் மட்டும் போட்டால் வலை குச்சியில் சுழலும். கொசுவலையை நேரடியாகக் கம்பியில் தைக்கக் கூடாது, பத்து முறை தரையில் தேய்ந்தாலே விளிம்பு கிழிந்துவிடும். ஜீன்ஸ் பட்டையைக் கம்பிக்கு உறையாகத் தைத்து, அதன் கீழ் வலையைத் தையுங்கள். பையின் அடி கூம்பாக இருக்கக் கூடாது. கூம்பில் பாசி உருண்டை சேர்ந்து, தலைப்பிரட்டை எல்லாம் அதனடியில் நசுங்கும். அடி அரைவட்டமாக, முப்பது முப்பத்தைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கட்டும். தையலின் பிசிர் வெளிப்பக்கம் வர வேண்டும். பிசிர் உள்ளே இருந்தால் ஊசித்தட்டானின் கால் சிக்கி முறியும்.

தையல்காரரிடம் கொடுத்தால், ‘இது எதுக்குங்க?’ என்று கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவார்.

வீசுவதும் கொட்டுவதும்

கரைக்குப் போனதும் வலையைத் தண்ணீரில் போடாதீர்கள். முதலில் தட்டில் குளத்துத் தண்ணீரை இரண்டு விரற்கடை உயரத்துக்கு நிரப்பி நிழலில் வையுங்கள். வீட்டிலிருந்து குழாய்த் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால் அதிலுள்ள குளோரின் தண்ணீர்த் தெள்ளு போன்ற நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். கொசு விரட்டும் களிம்பு பூசிய கையைத் தட்டில் விட்டாலும் அதே கதிதான். பூசிக்கொண்டு வந்த பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே தட்டருகே விடுங்கள்.

குளத்து உயிர்களில் பெரும்பகுதி நடுக்குளத்தில் இல்லை. கரையோரத்தில், கோரைத் தண்டுக்கிடையில், வேலம்பாசிக்குள், அல்லி இலையின் அடியில்தான் இருக்கின்றன. தண்ணீருக்குள் வலையால் எட்டுப் போடுவது போல இடமும் வலமும் இருபது விநாடி வீசுங்கள். ஒரு திசையில் மட்டும் இழுத்தால் வலைக்கு முன்னால் போகும் தண்ணீரே பூச்சியைத் தள்ளிவிடும். எட்டுப் போட்டால் தண்டிலிருந்து கழன்று விழுந்தவை திரும்பும் வீச்சில் மாட்டும். தரைச் சேற்றைக் கிளறாதீர்கள். சேறு வந்தால் தட்டு முழுக்கக் காபிக் கலரில் ஆகி, தெளிய இருபது நிமிடம் பிடிக்கும். அதுவரை ஆறு வயதுப் பிள்ளை காத்திருக்காது.

சேறு வந்தே விட்டதென்றால், வலையின் வாயைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, பையை மட்டும் மூன்று நான்கு முறை முக்கி எடுங்கள். சேறு கண்கள் வழியே போய்விடும், உயிர்கள் தங்கும். பிறகு பையை உட்புறம் வெளியாகத் தட்டுத் தண்ணீருக்குள்ளேயே மெல்லத் திருப்புங்கள். உயரத்திலிருந்து உதறுவது பெரியவர்களும் செய்யும் தவறு. மேஃப்ளை என்னும் பூச்சியின் குஞ்சு போன்ற மெல்லிய உடம்புள்ளவற்றின் செவுளும் வாலும் அதில் முறிந்து போகும்.

ஒரு தட்டுக்கு ஒரு வலை போதும். நான்கு பிள்ளைகளுக்கு நான்கு வலை கொடுத்தால், நாலு பேரும் கொட்டக் கொட்டத் தட்டு குப்பைக் கூடையாகிவிடும்.

தட்டில் நடப்பது

கொட்டியதும் முதல் ஒரு நிமிடம் தட்டைத் தொடாமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. அந்த நிமிடத்தில் தெரிவது இலைத் துண்டும் தூசியும்தான். இரண்டாவது நிமிடத்தில் ஒரு ‘விதை’ நகரும். காய்ந்த குச்சி என்று நினைத்தது ஒரு காலை எடுத்து வைக்கும். மூன்றாவது நிமிடத்தில் தட்டு முழுவதும் அசையத் தொடங்கியிருக்கும்.

விருட்டென்று ஓடி நின்று, மறுபடி விருட்டென்று ஓடுவது பெரும்பாலும் தட்டானின் குஞ்சு. அது காலால் நீந்தவில்லை. பின்பக்கத்தால் தண்ணீரை உறிஞ்சி, அதை வேகமாகப் பீய்ச்சி, அந்த உந்தலில் முன்னால் பாய்கிறது. மூச்சு விடுவதும் அந்தப் பின்பக்கத்துக்குள் இருக்கும் செவுளால்தான். உடம்பு ஒல்லியாக, வாலில் மூன்று சிறு இலை ஒட்டியது போல இருந்தால் அது ஊசித்தட்டானின் குஞ்சு. அந்த மூன்று இலையும் செவுள்கள். ஒன்று குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், தோலுரிக்கும்போது மீண்டும் வளரும். தட்டான் குஞ்சைக் கொசுப்புழுக்களோடு ஒரே டப்பாவில் விட்டுப் பார்த்தால், முகத்துக்குக் கீழே மடங்கியிருக்கும் தாடை கை போல நீண்டு புழுவைப் பிடித்துத் திரும்புவது தெரியும். கண் சிமிட்டினால் தவறிவிடும், திரும்பத் திரும்பக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

பாக்குக் கொட்டையைப் பாதியாக வெட்டியது போன்ற பழுப்புப் பூச்சி ஒன்று முதுகில் முத்து முத்தாக முட்டைகளை ஒட்டிக்கொண்டு வந்தால், அது தண்ணீர் மூட்டைப்பூச்சி இனத்து அப்பா. பெண் பூச்சி ஆணின் முதுகில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும் வரை அவர்தான் சுமக்கிறார், அடிக்கடி மேலே வந்து முட்டைகளுக்குக் காற்றுக் காட்டுகிறார். ‘அம்மாப் பூச்சி’ என்று பிள்ளைகள் சொன்னதும் திருத்துவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் கையால் எடுக்காதீர்கள். இதன் பெரிய உறவினர்கள் கடித்தால் வலி பல மணி நேரம் இருக்கும். மல்லாந்து நீந்தும் சிறு பூச்சியும் அப்படித்தான், அதன் குத்து குளவி கொட்டியது போலிருக்கும். ஸ்பூனால் அள்ளுங்கள்.

நீர்த்தேளைப் பார்த்துப் பெரியவர்களே பின்வாங்குவார்கள். வால் போல நீண்டிருப்பது கொடுக்கு அல்ல, மூச்சுக்குழாய். வாலின் நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு தலைகீழாகக் காத்திருக்கும். அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, நுனி மேலே வரும் வரை எண்ணச் சொன்னால், மூன்று வயதுப் பிள்ளையும் ஐந்து நிமிடம் அசையாமல் இருக்கும்.

கொசுப்புழுவும் வீணல்ல. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே படுத்தவாக்கில் கிடந்தால் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் வகை. வாலிலுள்ள குழாயை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் க்யூலெக்ஸோ ஏடிஸோ. காற்புள்ளி வடிவில் உருண்டு உருண்டு போவது கூட்டுப்புழு, அது சாப்பிடாது. சிவப்பு நூல் போன்ற புழுக்கள் மட்டுமே தட்டை நிறைத்தால், அந்தத் தண்ணீரில் உயிர்வளி குறைவு. அந்தப் புழுவின் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைப் பொருளால்தான் வருகிறது, குறைந்த உயிர்வளியையும் பிடித்து வைத்துக்கொள்ள அது உதவுகிறது.

நத்தைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஓட்டின் கூர்நுனியை மேலே பார்க்க வைத்து, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலஞ்சுழி, இடப்பக்கம் இருந்தால் இடஞ்சுழி. பெரும்பாலானவை வலஞ்சுழிதான். இடஞ்சுழிச் சிறுநத்தைகள் தட்டு நிறைய வந்தால் அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய இனம். வாயை மூட வட்டக் கதவு இருக்கிறதா என்றும் பாருங்கள். உருண்டையான பெரிய வயல் நத்தைக்குக் கெட்டியான கதவு உண்டு. கோடையில் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சூடேறினால் உயிர்வளி குறையும். மீன்குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். அரை மணிக்குள் எடுத்த இடத்திலேயே, தட்டைத் தண்ணீரில் தாழ்த்திச் சரித்து, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போக எதுவும் வேண்டாம். ஆமை வலையில் வந்தால் படம்கூட எடுக்காமல் உடனே விடுங்கள். நம் குளங்களில் சாதாரணமாகக் காணும் பால் ஆமைகூட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

சொட்டுக்குழாய், ஸ்பூன், லென்ஸ்

கிட்டின் இடுக்கியைத் தூக்கிப் போடுங்கள். மென்மையான உடம்பைப் பிடிக்க இடுக்கி உதவாது, நசுக்கத்தான் உதவும். அதற்குப் பதில் மூன்று மில்லி பிளாஸ்டிக் சொட்டுக்குழாய் நாலைந்து வாங்குங்கள், நுனியைக் கத்தரியால் சாய்வாக வெட்டி வாயை நாலு மில்லிமீட்டராக்குங்கள். வெட்டாத குழாய் நுண்ணுயிர்களுக்கு, வெட்டியது பூச்சிகளுக்கு. நத்தைக்கும் பெரிய பூச்சிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன். அட்டையையும் தட்டையான புழுக்களையும் நாலாம் நம்பர் பெயின்ட் பிரஷ்ஷால் எடுக்கலாம், ஒட்டிக்கொண்டு வரும்.

மூடியில் பூதக்கண்ணாடி வைத்த டப்பா பெட்டியிலேயே உருப்படியான பொருள். சிறு பிள்ளைகளுக்குக் குறிப்பாக. லென்ஸைச் சரியான தூரத்தில் பிடிக்கும் வேலையை டப்பாவே செய்துவிடுகிறது. ஆனால் பிளாஸ்டிக் லென்ஸைச் சட்டையால் துடைத்தால் இரண்டு பயணத்தில் கீறி மங்கிவிடும், தண்ணீரில் அலசிப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தண்ணீரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் மூடி போடும்போது வழிந்து லென்ஸில் ஒட்டும்.

எட்டு வயதுக்கு மேல் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு மடக்கு லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். இதைப் பெரும்பாலோர் தவறாகப் பிடிக்கிறார்கள். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, பார்க்கும் பொருளை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கையை நீட்டி லென்ஸைப் பூச்சி மேல் பிடித்தால் மங்கலான ஒரு வட்டம்தான் தெரியும். முப்பது மடங்கு, அறுபது மடங்கு என்று மலிவு விலையில் அச்சிட்டு விற்பவற்றில் அந்த எண்ணை நம்ப வேண்டாம். பத்து மடங்கிலேயே தண்ணீர்த் தெள்ளின் கண்ணாடி முதுகுக்குள் இதயம் படபடவென்று அடிப்பது தெரியும்.

மடிக்கும் நுண்ணோக்கி

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் இந்தப் பட்டியலில் தனியே பேசத் தகுந்தது. காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி, 140 மடங்கு பெருக்கும். பையில் வைத்து நசுங்கினாலும் பெரிதாகக் கெடாது. பள்ளி நுண்ணோக்கியைக் குளத்தங்கரைக்குத் தூக்கிப் போக முடியாது, இதை முடியும். அதுதான் இதன் முழு மதிப்பு.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாங்குங்கள். கண்ணை லென்ஸில் ஒட்டி வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் நகர்த்தவும் குவிக்கவும் வேண்டும். பத்து வயதுக்குக் கீழ் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கைவராது. காந்த வளையத்தால் செல்போன் கேமராவில் ஒட்டிவிட்டால் திரையில் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கலாம், குடும்பத்துக்கு அதுதான் சரி. வெளிச்சத்துக்கு வெள்ளைக் காகிதத்தையோ வானத்தின் நிழல் பகுதியையோ பாருங்கள், சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்காதீர்கள்.

எதைப் பார்ப்பது? வெறும் குளத்துத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் ஏமாற்றமே. வேலம்பாசி ஒரு பிடி எடுத்துப் பிழிந்தோ, அல்லித் தண்டின் வழுவழுப்பை நகத்தால் சுரண்டியோ அந்தச் சொட்டை வையுங்கள். சொட்டு பெரிதானால் மேலே மூடும் ஒட்டுநாடா மிதக்கும், உயிர்கள் பார்வையை விட்டு ஓடும். பஞ்சு இழை நாலைந்து பிரித்து சொட்டுக்குள் போட்டால் அது வேலி போலாகி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். பச்சை நாடா சுருள் சுருளாகச் சுற்றிய இழை தெரிந்தால் அது ஸ்பைரோகைரா, பாடப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த அதே பாசி.

டிடிஎஸ் பேனா, அமில-காரத் தன்மை காட்டும் பிஎச் தாள் இரண்டும் கிட்டோடு சேர்த்து விற்கப்படுகின்றன. டிடிஎஸ் கரைந்த உப்பின் அளவைத்தான் சொல்லும். சாக்கடை கலந்த குளம் நல்ல எண்ணையும், சுத்தமான கடலோரக் குளம் மோசமான எண்ணையும் காட்டலாம். பிஎச் தாளும் அப்படித்தான்: பாசி அதிகமுள்ள குளத்தில் காலையில் ஒரு நிறம், மதியம் வேறு நிறம். வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிஎச் ஏறுகிறது. அது தெரியாமல் ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டுவார்கள். இரண்டையும் விட்டுவிடலாம்.

பைனாகுலரும் சரணாலயமும்

வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் போன்ற சரணாலயங்களுக்கு வலையும் தட்டும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே எதையும் பிடிப்பது சட்டப்படி குற்றம், காலி நத்தை ஓட்டைக்கூட எடுத்து வரக் கூடாது. அங்கே கண்ணுக்குத்தான் வேலை.

8×42 பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி. பத்து மடங்குக்கு மேல் போனால் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். ‘நூறு மடங்கு ஜூம்’ என்று விற்பவை பக்கம் போகவே வேண்டாம். பிள்ளைகளுக்கு வாங்கும்போது இரண்டு குழல்களும் எவ்வளவு நெருங்குகின்றன என்று பாருங்கள். பெரியவர்களுக்கான பலவற்றில் 56 மில்லிமீட்டருக்குக் கீழ் நெருங்காது, சின்ன முகத்துக்கு இரண்டு கறுப்பு வட்டம்தான் தெரியும். ‘எனக்கு ஒண்ணும் தெரியல’ என்று பிள்ளை சொன்னால் அடம் என்று நினைக்காதீர்கள், உண்மையாகவே தெரியாது.

வேடந்தாங்கல் ஏரி சுமார் முப்பது ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன, கரை மேல் நடந்தபடியே பார்க்கலாம். ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த இடம் இது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் கூட்டம் வரும். மழை பொய்த்த ஆண்டில் டிசம்பரில் போனாலும் வெறும் மரம்தான், கிளம்புவதற்கு முன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

தட்டில் பார்த்த வயல் நத்தையை இங்கே நத்தை குத்தி நாரையோடு இணைக்கலாம். அதன் அலகை மூடியிருக்கும்போது பாருங்கள், நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். கூட்டில் யார் பெரியவர், யார் குஞ்சு என்று பைனாகுலரில் பிரிக்கப் பிள்ளைகளுக்கு இந்த ஓர் அடையாளம் போதும். நத்தையின் ஓட்டைப் பெரும்பாலும் உடைக்காமலே, கதவுக்குள் அலகை நுழைத்து உள்ளிருப்பதை உருவி எடுத்துவிடும். முதலில் ஊர்க் குளத்தில் ஒரு காலை தட்டு வேலை, அடுத்த வாரம் சரணாலயம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒட்டும். மாற்றி வைத்தால், பறவை பார்த்துப் பழகிய கண்ணுக்கு நத்தை சின்னதாகத் தெரியும்.

ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015 முதல் நடந்து வருகிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டு என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். மாமா வீட்டு மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம்.

எந்தக் குளம், எந்த நேரம்

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, காலை எட்டிலிருந்து பத்து. கோயில் தெப்பக்குளத்தின் படிகள் வசதியாகத் தோன்றும், ஆனால் தண்ணீருக்கடியில் இருக்கும் படியில் பாசி வழுக்கும், அதற்கடுத்த படி எங்கே என்று தெரியாது. ஏரிகளில் அதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் நிரம்பியதும் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே போனால் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும். எனவே யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் மண்டியிட்டு வலையை நீட்டுங்கள். குச்சி 1.2 மீட்டர் என்றது இதற்காகத்தான். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அவர் பார்வை செல்போனில் இருக்கக் கூடாது.

பல ஏரிகளில் மீன் குத்தகை விட்டிருப்பார்கள். வலையோடு வரும் கூட்டத்தைப் பார்த்தால் குத்தகைதாரருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ‘அண்ணே, பசங்களுக்குப் பூச்சி காட்ட வந்தோம், எல்லாத்தையும் திருப்பி விட்டுருவோம்’ என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த மூலையில் தலைப்பிரட்டை கிடைக்கும் என்று அவரே காட்டுவார்.

மாடு குளிப்பாட்டும் குட்டையைத் தவிருங்கள். தட்டைச் சுருள் ஓட்டு நத்தைகளிலிருந்து வெளிவரும் கால்நடை ஒட்டுண்ணியின் குஞ்சுகள் மனிதத் தோலில் புகுந்து சாகும்போது கடும் அரிப்பு வரும். காலில் கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தண்ணீரைத் தொடவே வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், அதற்குக் காயம் ஒரு முக்கிய வாசல். முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

ஐந்நூறு ரூபாய்தான் கையில் இருக்கிறது என்றால் தட்டு, வீட்டு வலை, சொட்டுக்குழாய், பூதக்கண்ணாடி டப்பா, இந்த வரிசையில் வாங்குங்கள். பணம் சேர்ந்தால் பைனாகுலர். ஃபோல்ட்ஸ்கோப் அதற்கப்புறம்.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. வலையைக் கரையிலேயே உதறி, ஒட்டியிருக்கும் வெங்காயத்தாமரைத் துண்டு, நத்தை முட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஈர வலையைப் பையில் சுருட்டி அடுத்த ஞாயிறு வேறொரு குளத்தில் முக்கினால், இந்தக் குளத்தின் நத்தையும் களையும் அந்தக் குளத்துக்குக் குடியேறிவிடும். துணியை விரலால் நசுக்கினால் மொறமொறவென்று இருக்க வேண்டும், ஜீன்ஸ் பட்டைக்குள் ஈரம் இருந்தால் இன்னொரு நாள்.